வீடற்ற பிள்ளைக்கு வேண்டுவது யாது?



வீடற்ற பிள்ளையொன்றைக் காணும்போது நம்மிற் பெரும்பாலோர் உள்ளத்தில் இரக்கம் எழுகின்றது. உணவளிக்கிறோம், உடையளிக்கிறோம், ஏதேனும் ஓர் இல்லத்திற் சேர்த்துவிட்டால் நம் கடமை முடிந்ததென எண்ணுகிறோம். ஆயினும், அவ்வாறு சேர்க்கப்பட்ட பிள்ளை சில நாளில் மதிலேறிக் குதித்து, மீண்டும் பஸ் நிலையத்துக்கே வந்துவிடுவதும் உண்டு. உணவும் கூரையும் உள்ள இடத்தைவிட்டு அப்பிள்ளை ஏன் ஓடுகின்றது? இவ்வினாவுக்கு விடை கண்டாலன்றிச் சிறுவர் பராமரிப்பு என்பதன் பொருள் நமக்கு விளங்காது.

வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. தன் சொல்லுக்குச் செவிகொடுக்க ஒருவர், தவறினாற் கண்டித்துப் பின் அணைத்துக்கொள்ள ஒருவர், தன்னுடையது என்று சொல்ல ஒரு பொருள், நாளையும் இங்கேயே இருப்பேன் என்ற உறுதி ஆகிய யாவும் சேர்ந்ததே வீடு. தெருவில் வளரும் பிள்ளை இவற்றை இழப்பதோடு, பெரியோர் வாக்கை நம்பும் பழக்கத்தையும் இழந்துவிடுகின்றது. அது பொய் சொல்வதும், கிடைத்ததை ஒளித்து வைப்பதும், முரட்டுத்தனமாக நடப்பதும் பிறவிக் குணங்கள் அல்ல. உயிர்வாழும் பொருட்டு அது கற்றுக்கொண்ட தற்காப்பு முறைகளே. நம்பிக்கையை மீட்டுக் கொடுப்பதே பராமரிப்பின் முதற்பணி.

இவ்வுண்மையைச் செயலிற் காட்டியவர் போலந்து நாட்டு வைத்தியர் யானுஷ் கோர்ச்சாக். வார்சோ நகரத்திலே யூத அநாதைப் பிள்ளைகளுக்கென 1912 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இல்லத்தை, அவரும் ஸ்டெபானியா வில்சின்ஸ்கா என்னும் அம்மையாரும் பல்லாண்டு நடத்தினர். அங்கே பிணக்குகளைத் தீர்க்கப் பிள்ளைகளே நீதிபதிகளாக அமரும் மன்று ஒன்று இருந்தது. அதன் சட்டக்கோவையிற் பெரும்பகுதி மன்னிப்பைப் பற்றியது. பெரியோர்மீதும் பிள்ளைகள் வழக்குத் தொடுக்கலாம். கோர்ச்சாக்கே அம்மன்றின்முன் நிறுத்தப்பட்டதுண்டு. புதிதாக வரும் பிள்ளைக்கு மூத்த பிள்ளையொன்று வழிகாட்டியாக நியமிக்கப்பட்டது. சண்டையிடும் வழக்கமுள்ள பிள்ளை, இவ்வாரம் இத்தனை முறைக்குமேற் சண்டையிடேன் என்று அவருடன் பந்தயம் கட்டும்; வென்றால் இனிப்புக் கிடைக்கும். ஒரே நாளில் திருந்திவிடு என்று அவர் கட்டளையிடவில்லை. இயலக்கூடிய சிறு வெற்றிகளால் அப்பிள்ளை தன்னைத்தானே ஆளப் பழகிற்று.

1942 ஓகஸ்ட் மாதத்தில் நாசிகள் அவ்வில்லத்துப் பிள்ளைகளைத் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டு சென்றனர். ஏறக்குறைய இருநூறு பிள்ளைகள். தாம் மட்டும் தப்பிச்செல்ல வாய்ப்பிருந்தும் கோர்ச்சாக் அவர்களைப் பிரியவில்லை, உடன்சென்று உயிர்துறந்தார். ஸ்டெபானியா அம்மையாரும் அவ்வாறே சென்றார்.

சிறுவர் உரிமைக்கென உலகப் பொது உடன்படிக்கையொன்று வேண்டுமென 1978 இல் முன்மொழிந்த நாடும் போலந்தே. ஐக்கிய நாடுகள் தாபனம் அதனை 1989 இல் ஏற்றது. இலங்கை 1991 இல் ஏற்றுறுதி செய்தது. குடும்பச் சூழலை இழந்த பிள்ளைக்கு அரசின் சிறப்புப் பாதுகாப்பு உரியது என்பதும், தன்னைப்பற்றிய முடிவுகளிற் பிள்ளையின் கருத்துக்கு இடமளிக்க வேண்டும் என்பதும் அவ்வுடன்படிக்கையின் விதிகள்.

நம் நாட்டிலே நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைத் திணைக்களம் இப்பணிக்கென உள்ளது. 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையும் நிறுவப்பட்டது. பிள்ளையொன்று துன்புறுத்தப்படுவதையோ கைவிடப்பட்டிருப்பதையோ அறிந்தால் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்கலாம். இல்லங்களில் வாழும் பிள்ளைகளிற் பலருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் உள்ளனர் என்பதையும் நாம் உணர வேண்டும். வறுமையும் குடும்பப் பிரிவுமே அவர்களை அங்கே சேர்த்தன. ஆதலின், இயலுமிடத்துக் குடும்பத்தைத் தாங்கிப் பிள்ளையை அங்கேயே வாழச்செய்தல் முதல்வழி. உறவினர் அல்லது வளர்ப்புக் குடும்பத்தினரிடம் ஒப்படைத்தல் அடுத்த வழி. இல்லத்திற் சேர்த்தல் இறுதிவழி.

இன்னுமொன்று. பதினெட்டு வயது நிரம்பியதும் இல்லத்துப் பிள்ளை வெளியேற வேண்டியவராகிறார். நம் வீட்டுப் பிள்ளையை அவ்வயதில் ஒரு பெட்டியோடு வாசலில் விட்டுக் கதவை அடைப்போமா? கைத்தொழில், தங்குமிடம், அடையாள அட்டை, நோயுற்றால் நாடிச்செல்ல ஒருவர் ஆகியவை அவருக்கு அப்போதே வேண்டும். இவையின்றேல் அதுவரை செய்த பராமரிப்பெல்லாம் விழலுக்கிறைத்த நீராகும்.

அரசினாற் சட்டமியற்ற முடியும். அலுவலரை நியமிக்க முடியும். ஆனால், அவ்விளைஞருக்குத் தொழில் பழக்கும் பட்டறைக்காரரும், வாடகைக்கு அறை கொடுக்கும் வீட்டுக்காரரும், வகுப்பில் அவரைப் பிறர்போல நடத்தும் ஆசிரியரும் நம்மிடையேயிருந்தே தோன்றவேண்டும்.