மார்பகத்தை அகற்றிய பின் சொந்தத் திசுவால் மறுசீரமைப்பு: அறுவைக்கு முன்பே கேளுங்கள்

மலேசியப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். கட்டி இருப்பது தெரிந்தும், ‘மார்பகத்தையே எடுத்துவிடுவார்கள்’ என்ற பயத்தில் மருத்துவமனைக்குப் போகாமல் நாளைக் கடத்துவோர் உண்டு. அகற்ற வேண்டி வந்தாலும், நோயாளியின் உடலிலிருந்தே திசுவை எடுத்து மார்பகத்தை மீண்டும் அமைக்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

திசு எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் அடிவயிற்றிலிருந்து. தொப்புளுக்குக் கீழுள்ள தோலையும் கொழுப்பையும் கொண்டு மார்பகத்திற்கு வடிவம் கொடுக்கிறார்கள். ‘டிராம்’ முறையில் வயிற்றுத் தசையும் சேர்த்து எடுக்கப்படும். ‘டீப்’ முறையில் தசையை வயிற்றிலேயே விட்டுவிட்டு, தோல், கொழுப்பு, அவற்றுக்கான ரத்தக் குழாய்கள் மட்டும் எடுக்கப்படும். மிக மெல்லிய அக்குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்தபடி நெஞ்சிலுள்ள குழாய்களுடன் தைக்கிறார்கள். இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும்.

முதல் சில நாட்கள் புதிய மார்பகத்தின் நிறத்தையும் சூட்டையும் தாதியர் அடிக்கடி சோதிப்பர். குழாய் அடைபட்டால் உடனே மறுபடியும் அறுவை செய்ய வேண்டும். அரிதாக, வைத்த திசு முழுவதும் கெட்டுப்போவதும் உண்டு.

வயிற்றில் கொழுப்பு போதாவிட்டால் முதுகு அல்லது தொடையிலிருந்து எடுக்கலாம். முதுகுத் திசு அளவில் சிறியது என்பதால் சிலிக்கோன் பையும் சேர்த்து வைக்க வேண்டி வரலாம்.

செய்யும் வேலையைச் சொல்லுங்கள்

வயிற்றுத் தசையை எடுத்தால் வயிறு பலவீனமாகலாம், குடலிறக்கமும் வரலாம். முதுகுத் தசையை எடுத்தால் தோளின் பலம் சற்றுக் குறையலாம். எனவே, செம்பனைத் தோட்டத்தில் மூட்டை தூக்குவோரும் ரப்பர் மரம் சீவுவோரும் தங்கள் வேலையை மருத்துவரிடம் விளக்க வேண்டும். அறுவைக்குப் பின் சுமார் 6 வாரங்களுக்குப் பாரம் தூக்கக் கூடாது. அந்நாட்களில் வீட்டு வேலைக்கு யார் துணை என்பதையும் முன்பே முடிவு செய்வது நல்லது.

எப்போது செய்யலாம்?

மார்பகத்தை அகற்றும்போதே செய்யலாம். மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் செய்யலாம். கதிர்வீச்சு சிகிச்சை புதிய திசுவைச் சுருக்கி இறுக வைக்கக்கூடும் என்பதால், அச்சிகிச்சை தேவைப்படுவோரைக் காத்திருக்கச் சொல்வதுண்டு. இனிப்புநீர் உள்ளவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும். முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். புகைப்பவர்கள் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

எதை எதிர்பார்க்கலாம்?

தொடு உணர்வு முழுமையாகத் திரும்பாது. அடிவயிற்றின் குறுக்கே நீண்ட தழும்பு இருக்கும். முலைக்காம்பைப் பின்னர் சிறு அறுவையாலோ பச்சை குத்தியோ அமைக்கலாம். மறுசீரமைப்பு செய்வதால் புற்றுநோய் திரும்பி வருவதில்லை.

வேண்டாம் என்பதும் சரியான முடிவுதான். உள்ளாடைக்குள் வைக்கும் செயற்கை மார்பகமே சிலருக்குப் போதும்.

இந்த வசதி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைப் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் கடிதம் தேவைப்படும். ஆகவே, அறுவைத் தேதி குறிக்கும் முன்பே நான்கு கேள்விகளைக் கேட்கலாம்: எனக்கு இது பொருந்துமா? இப்போதா, பிறகா? எந்த இடத்துத் திசு? செலவு எவ்வளவு?

மறுசீரமைப்புக்குக் காலம் இருக்கிறது. புற்றுநோய் சிகிச்சையைத்தான் தள்ளிப்போடக் கூடாது.