கால் எட்டவில்லையே, என்ன செய்வது?

பெண்ணின் உயரம் 5 அடி. மோட்டார் சைக்கிளின் எடை 180 கிலோவுக்கு மேல்.

வண்டி ஓடும்போது ஒரு கஷ்டமும் இல்லை. நிறுத்தும்போதுதான் ஆபத்து!

மதுரையில் ஒரு சிக்னல். சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தப் பெண் பிரேக் போட்டார். இடது காலை ஊன்றப் பார்த்தார். விரல் நுனிதான் தரையைத் தொட்டது. அந்த இடத்தில் ரோடு கொஞ்சம் பள்ளம். அவ்வளவுதான்! வண்டி சாய்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவும் சேர்ந்து விழுந்தார்.

நல்ல வேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. ஆனால், வீட்டுக்கு வந்ததும் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"வண்டியை விற்றுவிடு!"

அது இறந்துபோன அப்பாவின் புல்லட். மகள் ஆஸ்பத்திரியில் நர்சு. அகால நேரத்தில் வேலை முடியும். அப்போது பஸ் கிடையாது. வண்டி இல்லாவிட்டால் வேலைக்கே கஷ்டம்.

"விற்க மாட்டேன். உயரத்தைக் குறைத்துவிடுகிறேன்" என்றார் மகள். மறுநாள் காலை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டார். அம்மாவும் கூடவே வந்தார். என் ஸ்கூட்டருக்குப் பிரேக் கேபிள் மாற்ற நானும் அங்கே போயிருந்தேன். அதனால்தான் இந்தக் கதை எனக்குத் தெரிந்தது.

"அப்பா என்ன எடை?"

"அண்ணே, 3 அங்குலம் இறக்கிக் கொடுங்கள்" என்றார் அந்தப் பெண்.

மெக்கானிக்குக்கு 60 வயது இருக்கும். அவர் ஸ்பானரைத் தொடவில்லை. டேப்பை எடுத்தார். தரையில் இருந்து சீட்டு வரை அளந்தார். 80 சென்டிமீட்டர். பெண்ணை ஏறி உட்காரச் சொன்னார். குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே கிட்டத்தட்ட 4 அங்குலம் இடைவெளி.

பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க அப்பா என்ன எடை இருப்பார்?"

பெண் திகைத்தார். "90 கிலோ இருப்பார்" என்று அம்மாதான் பதில் சொன்னார்.

"நீ?"

"48."

மெக்கானிக் சிரித்தார். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் இருக்கிறது அல்லவா? அதில் ஸ்பிரிங்கைத் தாங்கி ஒரு வளையம் இருக்கும். வளையத்தில் மாடிப்படி மாதிரி 5 படிகள். கொக்கி ஸ்பானரை மாட்டித் திருப்பினால் படி மாறும். மேல் படியில் வைத்தால் ஸ்பிரிங் முன்கூட்டியே நசுங்கி இருக்கும். ஆள் ஏறினாலும் வண்டி லேசில் அமுங்காது. கீழ்ப் படியில் வைத்தால், ஏறியவுடன் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும்.

அப்பாவின் வண்டியில் அது கடைசிப் படியில் இருந்தது. கனமான மனிதர். பின்னால் மனைவி, நடுவில் மகள். மூன்று பேர் பாரத்துக்காக வைத்த படி அது! இப்போது 48 கிலோ பெண் தனியாக ஏறினால் எப்படி அமுங்கும்?

மெக்கானிக் இரண்டு பக்கமும் முதல் படிக்கு இறக்கினார். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றக்கூடாது. பெண் மறுபடி ஏறினார். அரை அங்குலம் இறங்கியிருந்தது. ஒரு காசு செலவு இல்லை!

(படியை இறக்கினால் ஸ்பிரிங் மிருதுவாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது சரி அல்ல. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். அது நிற்கும் உயரம்தான் மாறுகிறது.)

சீட்டில் 1 அங்குலம்

அடுத்தது சீட்டு. அதைக் கழற்றிச் சீட்டு தைக்கிறவரிடம் அனுப்பினார்.

உயரம் மட்டும் காலைத் தடுப்பதில்லை. அகலமும் தடுக்கிறது. சீட்டு அகலமாக இருந்தால் தொடை விரிகிறது. கால் வளைந்து போய்த்தான் தரையைத் தொட வேண்டும். அதனால் ஓட்டுகிறவர் உட்காரும் இடத்தில் மட்டும் ஸ்பாஞ்சை 1 அங்குலம் சீவினார்கள். தொடை படுகிற இரண்டு ஓரங்களையும் ஒடுக்கினார்கள். பின் சீட்டைத் தொடவில்லை. இதற்கு மேல் சீவினால் அடித் தகடு இடுப்பெலும்பில் இடிக்கும். பத்து மைல் போவதற்குள் தெரிந்துவிடும்!

செருப்புக்கும் தடை போட்டார் மெக்கானிக். "கெட்டியான அடி உள்ள ஷூ போட்டு வாம்மா. அதில் முக்கால் அங்குலம் கிடைக்கும். வழுக்கவும் வழுக்காது."

3 அங்குலம் ஏன் கூடாது?

"பின்னால் குட்டை ஷாக் அப்சார்பர் போட்டால் ஒரே நாளில் வேலை முடியுமே, அண்ணே?" என்று பெண் கேட்டார்.

"முடியும். அப்புறம் வேகத்தடையில் என்ன செய்வாய்?" என்றார் அவர்.

நியாயமான கேள்வி. வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது சாலைத் துறையின் அளவு. நம் தெருக்களில் அவரவர் இஷ்டத்துக்குப் போட்டிருக்கிறார்களே, அதற்கு அளவே கிடையாது! வண்டியை 3 அங்குலம் இறக்கினால் அதன் அடிவயிறு அதில் உரசும். வளைவில் சாய்ந்தால் கால் மிதி தரையில் தட்டும். பாரம் ஏற்றிப் பள்ளத்தில் இறங்கினால் டயர் மட்கார்டில் உரசும்.

பின்பக்கம் மட்டும் இறங்கினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஹேண்டில் மந்தமாகத் திரும்பும். ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். முன்பக்கம் மட்டும் இறங்கினாலோ, வேகத்தில் ஹேண்டில் நிலையில்லாமல் அலையும். இரண்டையும் சமமாக இறக்க வேண்டும். பல வண்டிகளில் முன் போர்க் குழாய்களை, அவற்றைப் பிடித்திருக்கும் கவ்விகளில் தளர்த்தி, கொஞ்சம் மேலே தள்ளி இறுக்கலாம். புல்லட்டில் அது நடக்காது. குழாயின் மேல் முனை, ஹெட்லைட் பொருந்திய கூட்டுக்குள் மரையிட்டு முறுக்கப்பட்டிருக்கிறது.

சைடு ஸ்டாண்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வண்டி இறங்கினால் ஸ்டாண்டு அதற்கு நீளமாகிவிடும். வண்டி சாயாமல் நெட்டுக்குத்தாக நிற்கும். லேசாகத் தட்டினால் அந்தப் பக்கம் விழும். ஸ்டாண்டை வெட்டிப் பற்ற வைக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. பெரிய மாற்றம் செய்வதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுவிடுவது நல்லது.

புது வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை வேண்டாம். கடையிலேயே ஏறி உட்கார்ந்து பாருங்கள். மீட்டியோர் 350 வண்டியின் சீட்டு உயரம் 76.5 சென்டிமீட்டர். கிளாசிக் 350-க்கு 80.5. ஒரே கம்பெனி வண்டிகளுக்குள்ளேயே ஒன்றரை அங்குல வித்தியாசம்!

ஒரு கால் போதும்

சீட்டு தைத்து வந்தது. பெண் ஷூ போட்டு ஏறினார். இரண்டு பாதங்களின் முன்பாதி நன்றாகத் தரையில் பதிந்தது. குதிகால் இன்னும் எட்டவில்லை. அவர் முகம் வாடியது.

"இரண்டு காலும் எதற்கும்மா? நிற்கிறபோது இடுப்பை இடது பக்கம் நகர்த்து. இடது காலை முழுசாக ஊன்று. வலது கால் பிரேக்கிலேயே இருக்கட்டும்" என்றார் மெக்கானிக். "நிற்பதற்கு முன்னால் தரையைப் பார். பள்ளம் இருந்தால் ஓர் அடி முன்னால் போய் நில்."

ஸ்பெயின் நாட்டு வீரர் டேனி பெட்ரோசாவின் உயரம் சுமார் 160 சென்டிமீட்டர்தான். அவர் 2003, 2004, 2005 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் உலக சாம்பியன் ஆனார். பிறகு பெரிய மோட்டோ ஜி.பி. வண்டிகளில் 31 பந்தயங்களில் வென்றார். இதை நான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "பந்தயத்தில் சிக்னல் கிடையாதே, சார்" என்றார் அவர்! என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஒர்க்‌ஷாப் வாசலிலேயே பத்துத் தடவை போய்ப் போய் நின்று பழகினார். முதல் இரண்டு தடவை தடுமாற்றம். அப்புறம் இடது பாதம் தானாக இறங்கியது.

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நான் பின்னால் ஏறினால் இந்த ஸ்பிரிங் தாங்குமா?"

மெக்கானிக் கொக்கி ஸ்பானரைப் பெண்ணின் கையில் கொடுத்துத் திருப்பக் கற்றுக் கொடுத்தார். வளையத்தின் மூன்றாவது படியில் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்தார்.

"அம்மா வருகிற நாளில் இங்கே வை" என்றார்.