வண்டிக்கும் ஒரு பேரேடு

மளிகை வியாபாரத்தில் கடை எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் வாசலில் நிற்கும் சரக்கு வண்டி. விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போன வண்டி வழியில் நின்றுவிட்டால் அன்றைய வியாபாரம் போச்சு. வாடகை வண்டி பிடித்துச் சரக்கை மாற்ற வேண்டும். ஏற்றுகூலி, இறக்குகூலி இரட்டிப்பாகும். தக்காளியும் கீரையும் வெயிலில் வாடும். வாடிக்கையாளரோ காத்திருக்க மாட்டார்; பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வந்தபின், ‘குட்டி யானை’ என்று நாம் அழைக்கும் சிறு வண்டிகளைச் சொந்தமாக வாங்கிய வியாபாரிகள் பலர். அவற்றில் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டிகளும் உண்டு. மீட்டரைப் பார்த்துவிட்டு, ‘இனி இது தேறாது’ என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஓடிய தூரத்தைவிட, கவனிக்காமல் விட்ட சிறு பழுதுகளே வண்டியை அதிகம் கெடுக்கின்றன.

நோட்டுப் போடுங்கள்

கடன் வாங்கிய வாடிக்கையாளருக்குப் பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். வண்டிக்கும் அப்படி ஒரு நோட்டு வேண்டும். தேதி, கிலோமீட்டர், போட்ட டீசல், ஊற்றிய ஆயில், மாற்றிய பாகம், கொடுத்த பணம் ஆகியவற்றை எழுதி வந்தால் போதும். மாதம் கால் லிட்டர் ஆயில் குடித்த எஞ்சின் ஒரு லிட்டர் கேட்கத் தொடங்கினால், பெரிய செலவு வருமுன்பே நோட்டு நமக்குச் சொல்லிவிடும். நினைவை நம்பினால் இது தெரியாது.

காலையில் ஐந்து நிமிடம்

வண்டியை எடுக்குமுன், சமதளத்தில் நிறுத்தி, ஆயில் குச்சியைத் துடைத்து மறுபடி விட்டு அளவு பாருங்கள். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். அந்த வண்டியை ஓட்டக் கூடாது. ரேடியேட்டர் நீரையும் எஞ்சின் ஆறியிருக்கும்போதே பார்க்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். உப்பு நிறைந்த போர் தண்ணீரை ஊற்றினால் உள்ளே காரை படிந்து அடைக்கும். கூலண்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் உரிய அளவில் கலந்து ஊற்றுவதே நல்லது.

வழியில் சூட்டு முள் ஏறினால் உடனே ஓரம் கட்டுங்கள். ‘கடை ஐந்து கிலோமீட்டர்தானே’ என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். ஒரு ஹோஸ் குழாயோடு முடிய வேண்டிய செலவு எஞ்சினைப் பிரிக்கும் செலவாக வளரும்.

புகையும் பேசும். கறுப்புப் புகை தொடர்ந்து வந்தால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நிற்காமல் நீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். தவிட்டுத் தூசியும் சாக்குத் தூசியும் பறக்கும் நம் தெருக்களில் ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைபடும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவாதீர்கள். டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் நீரையும் அவ்வப்போது வடித்துவிட வேண்டும்.

ரப்பர் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினானால், கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் அதை மாற்றிவிடுங்கள். ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே சேதமாகலாம். பழைய வண்டி வாங்கியவர்கள், முந்தையவர் எப்போது மாற்றினார் என்பது தெரியாவிட்டால், மாற்றிவிட்டு ஓட்டுவதே பாதுகாப்பு.

பாரமும் உப்பும்

750 கிலோ அனுமதியுள்ள வண்டியில் 25 கிலோ அரிசி மூட்டை 30 ஏற்றலாம். ‘பத்து மூட்டைதானே’ என்று 40 ஏற்றினால் ஒரு டன் ஆகிவிடும். மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பாரம்! ஸ்பிரிங் பட்டை, பேரிங், கிளட்ச், பிரேக், டயர் எல்லாமே அதைச் சுமக்கின்றன. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவின்படி, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஒரு நடையை மிச்சப்படுத்தப் போய் ஒரு மாத லாபத்தை இழக்கலாமா?

உப்பு மூட்டை, கருவாடு, ஊறுகாய் ஏற்றும் வண்டிகளில் உப்பு ஈரத்தை இழுத்துத் தகட்டை அரிக்கும். இறக்கிய அன்றே தளத்தையும் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். எஞ்சின் நன்றாக இருந்தும் அடிச்சட்டம் துருப்பிடித்துப் போன வண்டியை எந்த மெக்கானிக்கும் எளிதில் காப்பாற்ற முடியாது.

டிரைவரின் காது

வண்டியின் முதல் வைத்தியர் டிரைவர்தான். ‘அண்ணாச்சி, பின்னால் ஒரு சத்தம் கேட்குது’ என்று அவர் சொல்லும்போது, ‘உனக்கு எப்போதும் இதே பேச்சு’ என்று எரிந்து விழுந்தால் அடுத்த முறை சொல்ல மாட்டார். சத்தம் மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும். பிரேக் பற்றிய புகாரானால் அன்றே பார்த்துவிட வேண்டும். அதில் போவது பணம் மட்டுமல்ல, உயிர்.

எப்போது விடை கொடுப்பது?

எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். அந்த வேளையில் நோட்டைப் புரட்டி ஓராண்டுச் செலவைக் கூட்டுங்கள். உதாரணமாக, பழுதுச் செலவு 48,000 ரூபாய் என்றால் மாதம் 4,000 ஆகிறது. வண்டி நின்ற நாட்களின் நஷ்டத்தையும் சேருங்கள். அது புது வண்டியின் மாதத் தவணையைவிடக் குறைவாக இருந்து, பிரேக்கும் அடிச்சட்டமும் உறுதியாக இருந்தால் பழைய வண்டியே லாபம். அந்தத் தொகையை எட்டிவிட்டால் தயங்காமல் விற்றுவிடலாம்.

எதுவானாலும் கணக்குப் பார்த்துச் செய்வதே வியாபாரிக்கு அழகு. நாளைக் காலை வண்டியை எடுக்குமுன் நோட்டின் முதல் வரியை எழுதிவிடுங்கள்.