பள்ளி மூடிக் கிடந்த மாதங்கள்: இழந்தது எவ்வளவு, மீண்டது எவ்வளவு?

2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. இடையில் பிள்ளைகள் எவ்வளவு பின்தங்கினார்கள்? ஆளாளுக்கு ஒரு பதில் சொன்னோம். அளந்து பார்த்துச் சொன்னவர்கள் ரொம்பக் குறைவு.

அபிஜித் சிங், மௌரிசியோ ரோமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் அளந்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகள். 2019லேயே அதே ஊர்களில் தேர்வு நடத்தி வைத்திருந்தது பெரிய வசதி. அன்றைக்கு 8 வயசுப் பிள்ளைக்குத் தெரிந்ததையும் 2021 டிசம்பரில் 8 வயசுப் பிள்ளைக்குத் தெரிந்ததையும் நேருக்கு நேர் ஒப்பிட முடிந்தது. கணக்கில் 0.7 திட்ட விலக்கத்துக்கு மேல் சரிவு, தமிழில் 0.34.

திட்ட விலக்கம்னா பலருக்கும் தலை சுற்றும். இப்படிப் பாருங்க. 2019இல் ஒரே வயசுப் பிள்ளைகள் 100 பேரைக் கணக்கு மதிப்பெண்படி கீழிருந்து மேலாக வரிசையாக நிறுத்துங்கள். நடுவில் நிற்பது 50ஆவது பிள்ளை. 2021இன் நடுத்தரப் பிள்ளையைக் கொண்டுவந்து அதே வரிசையில் நிறுத்தினால், ஏறக்குறைய 23ஆவது இடத்தில்தான் நிற்கும். தமிழில் 37ஆவது இடம். (மதிப்பெண்கள் மணி வடிவத்தில் பரவியிருப்பதாக வைத்து நான் போட்ட கணக்கு இது.) தமிழ் வீட்டிலும் காதில் விழுகிறது, கடன் வாங்கிக் கழிப்பதைச் சொல்லித்தர ஆள் வேணுமே.

நெதர்லாந்தில் பள்ளிகள் மூடியது 8 வாரம்தான், வீட்டுக்கு வீடு இணையமும் உண்டு. அங்கேயே சுமார் 3 இடம் சரிந்தது. பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில் இழப்பு 60% வரை கூடுதல். எங்க கோம்பைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு விடிகாலையில் ஜீப் ஏறுகிறவர்கள் பொழுது சாயத்தான் திரும்புவார்கள். வீட்டில் ஒரே போன் என்றால் அதுவும் கூடவே மலை ஏறிவிடும். ஆன்லைன் வகுப்பு யாருக்கு?

ஆனால் ஆய்வின் சுவாரசியமான பாதி இனிமேல்தான். பள்ளி திறந்த ஆறே மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அதில் சுமார் 24% 'இல்லம் தேடிக் கல்வி'யின் பங்கு என்கிறார்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய திட்டம். மாலையில் தெருவிலேயே வகுப்பு, தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். போன பிள்ளைகளுக்கு மூன்று, நான்கு மாதத்தில் கணக்கில் 0.17, தமிழில் 0.09 ஏற்றம். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் போனார்கள். அதனால் இழப்பு ஏழைகளை அதிகம் அடித்தாலும், மீட்பு அவர்கள் பக்கம் சாய்ந்தது.

எனக்கு ஒரு சின்ன நெருடல். யார் போவது என்று குலுக்கல் போட்டுத் தேர்வு செய்யவில்லை, விருப்பப்பட்டவர்கள் போனார்கள். பழைய மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்துத்தான் ஒப்பிட்டிருக்கிறார்கள். இருந்தாலும் அக்கறை என்பது மதிப்பெண்ணில் முழுசாகத் தெரியாது. ஆகவே 24% என்பதைக் கல்வெட்டாக எடுக்க மாட்டேன். திட்டத்தைப் பாராட்டியவர்கள் விட்டுவிட்ட இன்னொன்றும் உண்டு: மீட்பில் மீதி முக்கால் பங்கு அந்த மாலை வகுப்பால் வந்ததல்ல. அதில் பெரும்பகுதி கதவு திறந்த சாதாரண வகுப்பறையில் நடந்ததாகத்தான் இருக்கும். அந்த வாத்தியார், டீச்சர்களுக்கு யாரும் மேடை போடவில்லை.

அந்த ஆறு மாதம் கழிந்தபோதும் மூன்றில் ஒரு பங்கு மீளாமல் நின்றது. 2019-20இல் முதல் வகுப்பில் இருந்தவர்களுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2029இல்.