அத்திமரத்திற்கு இன்னும் ஓர் ஆண்டு

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன சிறிய உவமை ஒன்று உண்டு. திராட்சைத் தோட்டத்தில் நின்ற அத்திமரம் ஒன்று மூன்று ஆண்டுகளாய்க் கனி தரவில்லை. தோட்டத்திற்கு உரியவர் அதனை வெட்டிவிடச் சொல்கிறார். தோட்டத் தொழிலாளியோ இன்னும் ஓர் ஆண்டு பொறுத்தருளுமாறு வேண்டுகிறான். அதற்குள் மரத்தைச் சுற்றிலும் கொத்தி எருவிடுவதாக வாக்களிக்கிறான்.

தவக்காலத்தில் இவ்வுவமையைக் கேட்கும்போது நாம் மனமாற்றத்தைப் பற்றியே எண்ணுகிறோம். அதுவே முறை. எனினும், மண்ணில் கைவைத்துப் பழகியவர்கள் அத்தொழிலாளியின் விடையில் வேறொன்றையும் காண்பார்கள். மரம் காய்க்கவில்லை என்றதும் அவன் மரத்தைக் குறை கூறவில்லை. அதன் வேரடி மண்ணைப் பார்த்தான். மண்ணுக்கு உணவிட்டால் மரம் தானே கனி தரும் என்பது அவனது நம்பிக்கை.

"எங்கள் வீட்டு மண்ணில் எதை நட்டாலும் வருவதில்லை" என்று ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் பேசிக்கொள்ளும் தாய்மார்கள் பலர். அவர்களுள் எத்தனை பேர் அந்த மண்ணுக்கு ஏதேனும் உண்ணக் கொடுத்திருப்பார்கள்? முற்றத்தைப் பெருக்கிச் சருகுகளைக் குவித்துத் தீ வைக்கிறோம். அடுக்களைக் கழிவுகளைத் தெருவில் கொட்டுகிறோம். பின்னர் கடைக்குச் சென்று உரம் வாங்குகிறோம். மண்ணுக்கு உரிய உணவை நாமே பறித்துவிட்டு, மண் வஞ்சித்துவிட்டது என்கிறோம்.

இக்குறையை நீக்கும் வழிகளுள் ஒன்று இந்நாளில் பலராலும் பேசப்படுகிறது. மரக்கரியை மண்ணில் இடுவதே அது. பயோசார் என்றும், தமிழில் உயிர்க்கரி என்றும் அதனை அழைக்கின்றனர். அது புதுமைபோல் தோன்றினாலும் மிகப் பழமையானது. அதன் வரலாற்றில் கத்தோலிக்கத் துறவி ஒருவருக்கும் இடமுண்டு.

துறவி கண்ட ஆற்றங்கரை

தென் அமெரிக்காவில் 1541ஆம் ஆண்டு இஸ்பானியப் படைவீரர் குழு ஒன்று அமேசான் ஆற்றுப் படுகையில் நுழைந்தது. உணவின்றி வாடிய அக்குழுவிலிருந்து பிரான்சிஸ்கோ தெ ஒரெல்யானா என்பவர் சிலருடன் உணவு தேடிப் படகில் புறப்பட்டார். நீரின் வேகத்தை எதிர்த்துத் திரும்ப இயலாமையால், அவர்கள் ஆற்றின் போக்கிலேயே சென்று 1542ஆம் ஆண்டு கடலை அடைந்தனர். அப்படகில் சென்றவர்களுள் ஒருவர், சாமிநாதர் சபையைச் சேர்ந்த குருவானவர் கஸ்பார் தெ கர்வகால். அப்பயணத்தில் அம்பு பாய்ந்து ஒரு கண்ணை இழந்த அவர், தாம் கண்டவற்றை எழுதி வைத்தார். ஆற்றின் இரு கரைகளிலும் நெருக்கமாக ஊர்கள் அமைந்திருந்தன என்றும், மக்கள் பெருந்திரளாக வாழ்ந்தனர் என்றும் அவர் குறித்தார்.

பின்னாளில் அங்குச் சென்றவர்கள் கண்டதோ அடர்ந்த காடும் ஆங்காங்கே சில குடிசைகளும் மட்டுமே. எனவே குருவானவர் மிகைப்படுத்திவிட்டார் என்றே வரலாற்றறிஞர் பலர் நெடுங்காலம் கருதினர். அமேசான் காட்டு மண் வளமற்றது. ஓயாத மழை அதன் சத்தை அடித்துச் சென்றுவிடும். அத்தகைய மண் பெருங்கூட்டத்திற்குச் சோறு போடுவது எப்படி என்பது அவர்களது வாதம்.

விடையை மண்ணே தந்தது. அக்காட்டின் மஞ்சளும் சிவப்புமான மண்ணுக்கு இடையே, ஆற்றோரத் திடல்களில், கன்னங்கரிய மண் திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. போர்த்துக்கீசிய மொழியில் அதற்குத் தெரா பிரேத்தா, அதாவது கறுப்பு மண், என்று பெயர். டச்சு மண்ணியல் அறிஞர் விம் சோம்புரூக் 1966ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அதனை விரிவாக ஆராய்ந்தார். அம்மண்ணில் உடைந்த பானை ஓடுகளும், மீன் முள்ளும், எலும்பும், சாம்பலும், அவற்றோடு மிகுதியான கரித்துண்டுகளும் கலந்துள்ளன. அது இயற்கையாய் அமைந்த மண் அன்று. மக்கள் பல தலைமுறைகள் வாழ்ந்த இடத்தில் அவர்களது அடுப்பும் குப்பையும் ஆக்கிய மண். அறிந்தே ஆக்கினரா, தானே அமைந்ததா என்பது பற்றி அறிஞரிடையே இன்றும் வாதம் உண்டு. ஆயினும், அவர்கள் மறைந்து பல நூற்றாண்டுகள் கடந்த பின்னும் அம்மண் வளம் குன்றாதிருக்கிறது. உழவர்கள் அதனைத் தேடிச் சென்று பயிரிடுகின்றனர். ஒற்றைக் கண்ணராய்த் திரும்பிய அத்துறவியின் சொல்லை இன்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்போடு படிக்கின்றனர்.

சாம்பலும் கரியும்

குருத்து ஞாயிறன்று நாம் கையிலேந்திய ஓலைகளை எரித்தே மறு ஆண்டின் திருநீற்றுப் புதனுக்குச் சாம்பல் எடுக்கிறார்கள். ஓலை முழுதும் எரிந்தால் அதிலிருந்த கரிமம் எல்லாம் புகையும் காற்றுமாய்ப் போய்விடும். எஞ்சுவது ஒரு பிடி சாம்பல். அதே ஓலையைக் காற்றுப் புகாதவாறு மூடி வெப்பத்தில் வைத்தால் அது சாம்பலாகாது, கரியாகும். இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் சீமைக் கருவேல விறகை அடுக்கி மண்பூசி மூட்டம் போடுவோர் செய்வது இதுவே.

காய்ந்த விறகில் ஏறத்தாழ பாதி கரிமம். நல்ல முறையில் கரியாக்கினால் அதில் பெரும் பங்கு நிலைத்து நிற்கும். தொழுவுரமும் இலைதழையும் நம் வெயிலில் சில ஆண்டுகளுக்குள் மட்கிக் கரைந்துவிடும். கரியோ மண்ணுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் இருக்கும். காற்றிலிருந்து மரம் எடுத்த கரிமத்தை இவ்வாறு மண்ணுக்குள் வைப்பது, புவி வெப்பமாகும் இந்நாளில் ஒரு சிறு தொண்டுமாகும்.

கரித்துண்டைப் பெருக்கிக் காட்டும் கண்ணாடியில் பார்த்தால், அது தேனடைபோல் நுண்ணிய அறைகள் நிறைந்ததாய்த் தோன்றும். அவ்வறைகள் நீரைப் பிடித்து வைக்கின்றன. மழையில் ஓடிப்போகும் சத்துகளைத் தடுத்து நிறுத்துகின்றன. மண்ணை வளமாக்கும் நுண்ணுயிர்களுக்கு இடம் தருகின்றன. மரக்கரி காரத்தன்மை உடையதாதலால் புளிப்பு மண்ணின் குறையையும் தணிக்கிறது. பல நாடுகளின் சோதனைகளைத் தொகுத்து 2017ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, வெப்ப நாடுகளில் கரியிட்ட நிலங்களின் விளைச்சல் சராசரியாக 25 விழுக்காடு உயர்ந்ததாகக் கூறியது. குளிர் நாடுகளின் வளமான நிலங்களில் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. ஏழை மண்ணுக்கே கரி பெரிதும் உதவுகிறது.

குடியில்லாத வீடு

இவ்வளவையும் படித்தறிந்த நான் ஒரு பிழை செய்தேன். எங்கள் பங்கில் உதவி பெறும் ஆறு குடும்பங்களுக்கு வாரந்தோறும் காய்கறி தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். விளைச்சலைப் பெருக்கும் ஆவலில், கரிக்கடையிலிருந்து இரண்டு மூட்டைத் தூளை வாங்கிக் கத்தரிப் பாத்திகளில் கொட்டிக் கொத்திவிட்டேன். மூன்றே வாரத்தில் நாற்றுகள் வெளுத்தன. இலைகள் மஞ்சளாகி வளர்ச்சி நின்றது. அந்தப் பருவத்தில் ஆறு வீடுகளுக்கும் வெறுங்கையோடு சென்று மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

பங்கின் பழைய உபதேசியார் ஒருநாள் வந்து பாத்தியைக் கிளறிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "தம்பி, நீங்கள் வீட்டைக் கட்டினீர்கள், உலை வைக்கவில்லை. பசித்த வீட்டார் பக்கத்து வீட்டுச் சோற்றை எடுத்து உண்டுவிட்டார்கள்."

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. கரி தன்னளவில் உணவு அன்று. பச்சைக் கரியை அப்படியே இட்டால், அதன் வெற்று அறைகள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். செடி பட்டினி கிடக்கும். முதலில் கரிக்கு உணவூட்ட வேண்டும். அதன் பின்னரே மண்ணுக்குத் தர வேண்டும். அமேசான் மக்களின் கரி தனியே கிடக்கவில்லை. குப்பையோடும் எலும்போடும் கலந்தே கிடந்தது.

செய்முறை

விறகுக் கரி, சிரட்டைக் கரி, நம் பாட்டிமார் பல் துலக்கிய உமிக்கரி ஆகிய எதுவும் ஆகும். நகரத்தில் வாழ்வோர் விலைக்கு வாங்குவதே நன்று. கிராமத்தில் இடவசதி உள்ளோர், மேலே ஒரு மீட்டர் அகலமும் நடுவில் முக்கால் மீட்டர் ஆழமும் உள்ள கூம்பு வடிவக் குழி தோண்டலாம். அடியில் தீ மூட்டிக் காய்ந்த சுள்ளிகளை மெல்லிய அடுக்காக இடவேண்டும். மேலே வெண்சாம்பல் படரத் தொடங்கியதும் அடுத்த அடுக்கை இடவேண்டும். மேலெழும் தழல் காற்றை உண்டுவிடுவதால் கீழுள்ளது எரியாமல் கரியாகும். குழி நிறைந்ததும் நீரூற்றி முற்றிலும் அணைத்துவிட வேண்டும். அணைந்ததுபோல் தோன்றும் கரியும் மீண்டும் பற்றக்கூடும். கூரை வீடுகளுக்கு அருகிலும், காற்று வீசும் நேரத்திலும் இதைச் செய்யலாகாது; குழந்தைகளை அண்டவிடலாகாது.

கரியை ஈரமாக்கிக் கோணியில் இட்டுத் தட்டினால் தூசி பறக்காது. பயறு அளவுக்கு நொறுங்கினால் போதும். அதற்குச் சம அளவு மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ கலந்து நிழலில் குவிக்க வேண்டும். பத்து லிட்டர் நீரில் ஒரு கிலோ பசுஞ்சாணம், ஒரு லிட்டர் கோமூத்திரம், கால் கிலோ வெல்லம் கரைத்து ஒருநாள் வைத்தால் அமுதக்கரைசல் கிடைக்கும். அதில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்துக் குவியல் நனையத் தெளிக்கலாம். கோணியால் மூடி, வாரம் ஒருமுறை கிளறி, ஈரம் காயாமல் ஒரு மாதம் வைத்திருக்க வேண்டும்.

ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை கரி சேருமாறு, கலவையை மேல்மண்ணோடு கொத்திவிடலாம். தொட்டிச் செடிகளுக்கு மண்ணில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கரி வேண்டா. ஒருமுறை இட்டது நெடுங்காலம் நிற்குமாதலால் ஆண்டுதோறும் இடத் தேவையில்லை.

எருவே முதன்மை

கரி மண்ணுக்கு வீடு. எருவே அதற்கு அன்றாட உணவு. சருகை எரிக்காமல் செடியடியில் மூடாக்காகப் பரப்பினால் மண் குளிர்ந்து ஈரம் காக்கும். காய்த்தோல், முட்டையோடு, தேயிலைச் சக்கை யாவும் மட்குக் குழிக்கு உரியவை. வேப்பம் புண்ணாக்கு சத்தும் தரும், பூச்சியையும் விலக்கும். காலியாய்க் கிடக்கும் பாத்தியில் சணப்போ தக்கைப்பூண்டோ விதைத்துப் பூக்கும் வேளையில் மடக்கிக் கொத்தினால், காசு செலவின்றித் தழைச்சத்து கிடைக்கும்.

சில எச்சரிக்கைகளும் வேண்டும். உவர் நிலத்திலும் களர் நிலத்திலும் கரியை மிகுதியாய் இட்டால் காரம் ஏறும். ஆதலின், மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ அரசு மண் ஆய்வுக் கூடத்திலோ மண்ணைச் சோதித்தறிவது நலம். வண்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, பிளாஸ்டிக் ஆகியவற்றைக் கரியாக்கலாகாது. நிலக்கரி இதற்கு உதவாது. எல்லாவற்றிற்கும் மேலாக, கரிக்கென்று உயிருள்ள நல்ல மரத்தை வெட்டலாகாது. ஒரு மண்ணை வளமாக்க மற்றொரு மண்ணை மொட்டையாக்குவது பாவமாகும்.

நாம் மண்ணிலிருந்து உருவானவர்கள் என்பதைத் தொடக்க நூல் கூறுகிறது. எபிரேய மொழியில் ஆதாம் என்ற பெயரும், மண்ணைக் குறிக்கும் அதாமா என்ற சொல்லும் உடன்பிறந்தவைபோல் ஒலிக்கின்றன. முதல் மனிதனுக்கு இறைவன் தந்த முதற்பணி, தோட்டத்தைப் பண்படுத்திக் காப்பதே. நாம் மண்ணின் தூசி என்பதை மறந்துவிட்டோம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலில் வருந்தியதும் இதனாலேயே.

உபதேசியார் சொற்படி மறுபருவத்தில் உணவூட்டிய கரியை இட்டேன். புதுமை ஏதும் நிகழ்ந்துவிடவில்லை. நாள்தோறும் நீர் கேட்ட பாத்தி ஒருநாள் விட்டு ஒருநாள் கேட்டது, மண்ணைக் கிளறினால் மண்புழு நெளிந்தது, கத்தரி காய்த்தது. ஆறு வீடுகளுக்கும் கூடை சென்றது. அவற்றுள் ஒரு வீட்டுத் தாய் தம் கொல்லையிலும் ஒரு பாத்தி போட, எஞ்சிய கலவையை வாங்கிச் சென்றார்.

அத்திமரம் மறு ஆண்டில் காய்த்ததா என்று ஆண்டவர் சொல்லவில்லை. கொத்துவதும் எருவிடுவதும் பொறுத்திருப்பதும் தொழிலாளியின் கடமை. அன்பர்களே, இந்த ஆண்டு நம் வீட்டு முற்றத்துச் சருகுக்குத் தீ வைக்குமுன் ஒரு நொடி நில்லுங்கள். அது குப்பை அன்று. நம் பிள்ளைகள் நின்று பயிரிடப்போகும் மண்.