பழைய இன்னோவா வாங்கும் முன்

பழைய வண்டிச் சந்தையில் டொயோட்டா இன்னோவாவின் விலை லேசில் இறங்குவதில்லை. குவாலிஸின் இடத்துக்கு 2005-ல் வந்த முதல் தலைமுறை இன்னோவா, 2016-ல் கிரிஸ்டா வரும்வரை விற்பனையில் இருந்தது. 2,494 சி.சி. டீசல் எஞ்சின், லாரிக்கு உள்ளதுபோல் தனிச் சேஸிஸ், பின்சக்கர இயக்கம். காலத்தில் ஆயில் மாற்றிய வண்டி, எஞ்சினைப் பிரிக்காமலே மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம்.

சிக்கல் தொடங்குவதும் இந்த உழைப்பில்தான். நன்றாக உழைக்கும் வண்டி என்பதாலேயே டிராவல்ஸ்காரர்கள் அதை வாங்கி, திருப்பதிக்கும் சபரிமலைக்கும் ஓய்வில்லாமல் ஓட்டினார்கள். அப்படி ஓடியவற்றில் பல, பிறகு மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளை போர்டுக்கு மாற்றப்பட்டு, மீட்டரும் குறைக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. எண்பதாயிரம் காட்டும் மீட்டரை நம்புவதைவிடத் தேய்மானத்தைப் பார்ப்பது நல்லது. கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழத்திருக்கிறதா, டிரைவர் சீட்டின் கதவோரப் பக்கம் அமுங்கியிருக்கிறதா, கூரையில் கேரியர் பூட்டிய தடம் இருக்கிறதா என்பவை பொய் சொல்வதில்லை. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய பதிவுகளைக் கேட்டால் உண்மையான ஓட்டம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எஞ்சினில் முதலில் விசாரிக்க வேண்டியது டைமிங் பெல்ட். லட்சம் கிலோமீட்டரைக் கடந்த வண்டியில் அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்குப் பில் இருக்க வேண்டும். பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். வேலை எஞ்சின் ஹெட்டைக் கழற்றுவதில் போய் நிற்கும். அடுத்தது இன்ஜெக்டர். அதன் அடியில் உள்ள செம்பு வாஷர் தளர்ந்தால், எரிந்த புகை டேப்பெட் கவருக்குள் கசியும். கரி ஆயிலோடு கலந்து தார்போல இறுகி, சம்பில் உள்ள ஸ்ட்ரெய்னரை அடைக்கும். ஆயில் மேலேறாமல் பேரிங் தேய்ந்து, நல்ல எஞ்சினே பாழாகும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் 'சஃப் சஃப்' என்று சத்தம் வந்தாலோ, ஐடிலில் ஆயில் மூடியைத் திறக்கும்போது புகை குபுகுபுவென்று எழுந்தாலோ, விலை பேசுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். வாஷர் சில்லறைச் செலவு. அதைக் கவனிக்காமல் விட்டதன் செலவு எஞ்சின் ரீபோர்.

மற்றவை தேய்மானச் செலவுகள். முன்பக்க லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஸ்டீயரிங் ராக் ஆகியவை மோசமான சாலையில் ஓடிய வண்டிகளில் சீக்கிரம் போகும். வேகத்தடையில் 'கடக்' என்று கேட்கும். எட்டுப் பேரும் லக்கேஜுமாக மலை ஏறிய வண்டியில் கிளட்ச் போயிருக்கும். ஏ.சி.யைப் பின்வரிசையில் உட்கார்ந்து சோதிக்க வேண்டும், ஏனென்றால் பின்பக்கக் கூலிங் காயில் தனி. ஆரம்பகாலக் கீழ்நிலை மாடல்களில் ஏர்பேக் இல்லை. குழந்தைகளோடு போகும் குடும்பம் இதைச் சின்ன விஷயமாகக் கருதக் கூடாது.

சென்னைப் பதிவு வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் நினைவில் வைக்க வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறையும், சீட்டின் அடியில் அது நகரும் கம்பியில் துருவும் காட்டிக் கொடுக்கும். ஈரத்தில் கிடந்த வயரிங் மாதங்கள் கழித்தும் தொல்லை தரும்.

பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் டெல்லியில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்ட பிறகு, அங்கிருந்து பழைய இன்னோவாக்கள் மற்ற மாநிலங்களுக்கு மலிவாக விற்கப்பட்டன. அப்படி வருவதை வாங்குபவர், பழைய ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று, கடன் இருந்திருந்தால் வங்கியின் ஃபாரம் 35, இங்கே மறுபதிவு, ஆயுள் வரி எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் கூட்டிப் பார்த்த பிறகே, உள்ளூர் வண்டியைவிட அது உண்மையில் எவ்வளவு மலிவு என்பது தெரியும்.