நோயின் பெயரையும் சொல்லி நினைப்போம்

1995 ஜனவரி, மெல்பர்ன். ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ் காலிறுதியில் பீட் சாம்ப்ராஸும் ஜிம் கூரியரும் மோதினார்கள். முதல் இரண்டு செட்டையும் டைபிரேக்கரில் பறிகொடுத்திருந்த சாம்ப்ராஸ், அடுத்த இரண்டையும் வென்று ஆட்டத்தைச் சமன் செய்திருந்தார். ஐந்தாவது செட்டின் தொடக்கத்தில், பயிற்சியாளருக்காக ஜெயித்துக் கொடு என்று பார்வையாளர் ஒருவர் குரல் கொடுத்தார். உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் தேம்பி அழத் தொடங்கினார். துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்து சர்வ் போட்டார். வலைக்கு அந்தப் பக்கம் நின்ற கூரியர், வேண்டுமானால் நாளைக்கு ஆடிக்கொள்ளலாம் என்றுகூடச் சொன்னார். சாம்ப்ராஸ் நிறுத்தவில்லை. நள்ளிரவு தாண்டி ஆடி ஜெயித்தார். அவர் யாரை நினைத்து அழுதாரோ அந்தப் பயிற்சியாளர் டிம் கல்லிக்சன், போட்டி நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில்தான் மெல்பர்னில் மயங்கி விழுந்து, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்.

கல்லிக்சன் விழுந்தது அது முதல்முறை இல்லை. 1994-ன் கடைசி மாதங்களில் ஸ்டாக்ஹோமிலும் மியூனிக்கிலும் அதேபோல விழுந்திருக்கிறார். பக்கவாதம் என்றும் இதயக் கோளாறு என்றும் அப்போது எண்ணப்பட்டது. மூளையில் புற்றுநோய் என்பது மெல்பர்னுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒலிகோடென்ட்ரோக்ளியோமா என்று அதற்குப் பெயர். சிகிச்சை நடந்த மாதங்களில் அவர் வீட்டில் இருந்தபடி தொலைக்காட்சியில் சாம்ப்ராஸின் ஆட்டங்களைப் பார்த்து, தொலைபேசியில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். 1996 மே 3 அன்று 44 வயதில் இறந்தார். மனைவியும் பள்ளி வயதில் ஒரு மகனும் ஒரு மகளும் இருந்தார்கள். 1979 விம்பிள்டனில் ஜான் மெக்கன்ரோவைத் தோற்கடித்தவர், சாம்ப்ராஸுக்குப் புல்தரை ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்து விம்பிள்டனை வெல்ல வைத்தவர் என்ற பெருமைகள் எல்லாம் அவருக்கு உண்டு. ஆனால் இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது வேறொன்று. அவருடைய குடும்பமும் மாணவரும் அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நோயின் பெயரையும் சேர்த்தே சொன்னார்கள். டிம், அவருடைய இரட்டைச் சகோதரர் டாம் இருவர் பெயரிலும் தொடங்கப்பட்ட அறக்கட்டளை, மூளைக்கட்டி நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவுவதற்கென்றே நடத்தப்பட்டது.

நம் ஊர்ப்பக்கம் பயிற்சியாளரை எப்படி நினைக்கிறோம்? விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் அதற்கு ஒரு வழி இருக்கிறது: நினைவுக் கோப்பை. கரிசல் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கம்பம் நட்டு, இரவு விளக்கு வெளிச்சத்தில் கபடியோ கைப்பந்தோ நடக்கும். மறைந்த வாத்தியாரின் படம் போட்ட பிளெக்ஸ், பரிசுத்தொகை, சுழற்கோப்பை எல்லாம் இருக்கும். இதைக் குறைத்துப் பேசுவதற்கு எனக்கு மனமில்லை. பக்கத்து கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்காக ஆண்டுதோறும் நடக்கும் அகில இந்திய ஹாக்கிப் போட்டி, ஒரு தீப்பெட்டி ஊரின் ஹாக்கி ஆசையை அணையாமல் காத்ததில் பெரும்பங்கு வகித்திருக்கிறது. அந்த ஊரின் மாரீஸ்வரன் 2022-ல் ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் ஆடினார். ஆக, நினைவுப் போட்டி வெறும் சடங்கு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த பிளெக்ஸில் ஒரு விஷயம் இருக்காது. எதனால் இறந்தார் என்பது இருக்காது. மூளைப் புற்றுநோயால் இறந்த ஒரு தகப்பனை, ஒரு பயிற்சியாளரைச் சரியாக நினைக்க வேண்டுமென்றால் அந்த நோயின் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்பது என் வாதம். மற்ற நோய்களைவிட இந்த நோயில் அதற்குக் கூடுதல் காரணம் இருக்கிறது.

நுரையீரலிலோ குடலிலோ வரும் புற்று உடம்பை உருக்கும். ஆள் அவராகவே இருப்பார். மூளையில் வரும் கட்டி ஆளையே மாற்றிவிடக்கூடும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்மடல்தான் நம் பொறுமை, திட்டமிடல், கூச்சம், அக்கறை எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது. கட்டி அங்கே வளர்ந்தால் முதலில் கெடுவது குணம். ஒரு விளையாட்டு ஆசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வருடம் காலை ஐந்தரைக்கு மைதானத்தைத் திறந்தவர் ஒருநாள் வராமல் இருப்பார், அதைப் பற்றிக் கவலையும் படமாட்டார். தினமும் கூப்பிட்ட பையன் பெயர் வாயில் வராது. நீ, டேய் என்று சமாளிப்பார். ஸ்கோரைத் தப்பாகச் சொல்வார், திருத்தினால் கத்துவார். பந்தைத் தூக்கிப் போடும்போது இடதுபக்கம் மட்டும் தவறும். வீட்டில் பிள்ளைகளை அடிக்காதவர் கை ஓங்குவார். மூளை வீக்கத்தைக் குறைக்கக் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரை வேறு தூக்கத்தைக் கெடுத்து, எரிச்சலைக் கூட்டி, முகத்தை உப்ப வைக்கும். இதையெல்லாம் பார்க்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு யாரும் காரணம் சொல்லாவிட்டால் அது என்ன புரிந்துகொள்ளும்? அப்பாவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் புரிந்துகொள்ளும். இருபது வருட நல்ல மனிதரைக் கடைசி எட்டு மாதக் கோபம் மறைத்துவிடும். கத்தியது அப்பா இல்லை, கட்டி என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தால் மட்டுமே அப்பா திரும்பக் கிடைப்பார். நோயின் பெயரைச் சொல்வது இறந்தவருக்கு நாம் செய்யும் நியாயம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

சிவகாசிப் பட்டாசு வட்டாரத்தில் இந்த மௌனத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. இங்கே அகால மரணம் என்றால் பெரும்பாலும் காரணம் கண்ணுக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் 30-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற வெடிவிபத்துக்கு நேரம் உண்டு, இடம் உண்டு, வழக்கு உண்டு. பட்டாசு ஆபீஸில் ஓர் அறை வெடித்தால் எது உரசியது, யார் எவ்வளவு மருந்து கலந்தார்கள் என்று மறுநாளே ஊர் பேசும். இப்படிக் காரணம் கேட்டே பழகிய ஊரில், காரணம் காட்டாமல் வரும் ஒரு மரணத்தை மனது ஏற்காது. எதையாவது பிடித்துக்கொள்ளும். குலதெய்வக் குற்றம் என்பார்கள், செய்வினை என்பார்கள், அவர் பட்ட கோபத்துக்கு வந்தது என்பார்கள். படித்தவர்கள் செல்போன் என்பார்கள், வெடிமருந்துத் தூசி என்பார்கள். மருத்துவம் இதுவரை உறுதியாகச் சொல்வது கொஞ்சம்தான். தலையில் பட்ட அதிக அளவுக் கதிர்வீச்சு ஒரு காரணம். அரிதான சில மரபணுக் கோளாறுகள் மற்றொன்று. பெரும்பாலான நோயாளிகளுக்கு இந்த இரண்டும் இருப்பதில்லை. செல்போனை 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சந்தேகப் பட்டியலில் வைத்தது. அதே உலக சுகாதார நிறுவனம் கேட்டுப் பெற்று 2024-ல் வெளியான விரிவான மறுஆய்வு, போனுக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு தென்படவில்லை என்றது. அலுமினியத் தூளும் கந்தகமும் மூளைப் புற்றை உண்டாக்கும் என்று நிறுவிய சான்றும் இல்லை. இப்படிச் சொல்வதால் தொழிற்சாலைத் தூசி நல்லது என்று ஆகிவிடாது. சாயந்தரம் கை முழுக்க வெள்ளியாக மின்ன வீடு திரும்பும் தொழிலாளிக்கு முகமூடியும் காற்றோட்டமும் கழுவ நீரும் வேண்டும் என்று கேட்க ஆயிரம் காரணங்கள் உண்டு. அந்தக் கோரிக்கையைச் சான்றில்லாத ஒரு காரணத்தின் மேல் கட்டினால் அது ஒரே வாதத்தில் சரிந்துவிடும்.

நோயைச் சொல்ல மறுப்பவர்களுக்கும் அவர்கள் தரப்பு நியாயம் உண்டு. முதலாவது கல்யாணம். தகப்பனுக்குப் புற்றுநோய், அதுவும் மூளையில் என்று தெரிந்தால் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்ற பயம் இங்கே உண்மையான பயம். அதை அறியாமை என்று ஏசிப் பயனில்லை. பதில், உண்மையைப் பரவலாக்குவதுதான். மூளைப் புற்றில் மிகச் சிறு பகுதியே மரபு வழியில் வருகிறது. பெரும்பாலானவை ஒருவர் வாழ்நாளில் தற்செயலாக நிகழும் உயிரணு மாற்றங்கள். ஒளித்து வைக்க வைக்க, பரம்பரை நோய் என்ற வதந்தி பலப்படும். சொல்லிய பத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் நலமாக இருப்பதை ஊர் பார்த்தால் அந்த வதந்தி தானாக ஓயும். இருந்தாலும், முதலில் சொல்லும் குடும்பம்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. முடிவு அந்த வீட்டாருடையது. தைரியம் கொடுப்பது ஊரின் வேலை.

இரண்டாவது, ஒரு மனிதரை அவருடைய நோயாகச் சுருக்கிவிடக் கூடாது என்பது. இந்த அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் கல்லிக்சனை யாரும் நோயாளி என்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. 1995 டிசம்பரில் மாஸ்கோவில் அமெரிக்கா டேவிஸ் கோப்பையை வென்றபோது அணித் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் டாம். இறுதிச் சுற்றில் அமெரிக்கா பெற்ற மூன்று வெற்றிகளிலும் சாம்ப்ராஸுக்குப் பங்கு உண்டு. அண்ணன் தம்பியின் டென்னிஸும் மாணவரின் டென்னிஸும் நோயின் பெயரோடு சேர்ந்தேதான் நிலைத்தன. நோயை மறைத்தால்தான் மனிதர் தெரிவார் என்பதற்கு அங்கே ஆதாரம் எதுவும் இல்லை.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. தெரிந்து என்ன ஆகப்போகிறது, எப்படியும் பிழைக்க முடியாத நோய்தானே? மூளைப் புற்றிலேயே மோசமானதான க்ளியோபிளாஸ்டோமாவுக்கு இந்தச் சந்தேகம் பெரிதும் பொருந்தும். கதிர்வீச்சோடு டெமோசோலமைடு மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கும் இன்றைய முறையை நிலைநாட்டிய 2005-ஆம் ஆண்டு ஆய்வில், நோயாளிகளில் பாதிப்பேர் வாழ்ந்த காலம் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாகத்தான் உயர்ந்தது. அதே ஆய்வின் இன்னொரு கணக்கையும் பாருங்கள்: இரண்டு ஆண்டு தாண்டி உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 10 பேரிலிருந்து 26 பேராக ஆனார்கள். பள்ளி செல்லும் பிள்ளை உள்ள வீட்டில் அந்த இரண்டு ஆண்டுக்கு மதிப்பு உண்டு. தவிர, எல்லாக் கட்டியும் க்ளியோபிளாஸ்டோமா இல்லை. மெதுவாக வளரும் கட்டிகளோடு பல ஆண்டுகள் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். தலைக்குள் தெரியும் எல்லாமும் புற்றுநோயும் இல்லை. 2003-ல் லியாண்டர் பயஸுக்கு மூளைக்கட்டி என்று நாடே பதறியது. ஆர்லாண்டோவில் பரிசோதித்தபோது அது நாடாப்புழுவின் முட்டையால் வரும் தொற்று என்று தெரிந்தது, மருந்தில் சரியானது. காசநோயும் மூளையில் கட்டி போலவே தோன்றக்கூடியது. பெயரைச் சொல்லப் பயந்து ஸ்கேனைத் தள்ளிப்போடுபவர் குணமாகக்கூடிய நோயையும் கோட்டை விடுகிறார்.

தள்ளிப்போடுவது எப்படி நடக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மைதானத்தில் நாற்பது வயதுக்காரர் வலிப்பு வந்து விழுந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறோம். எழுந்து உட்கார்ந்ததும் சோடா கொடுக்கிறோம். வெயில், சர்க்கரை இறங்கிவிட்டது, ராத்திரி தூங்கவில்லை என்று ஒரு காரணம் சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறோம். உலகத்தின் முதல்நிலை வீரருக்குப் பயிற்சி கொடுத்தவருக்கே மூன்றாவது முறை விழுந்த பிறகுதான் உண்மை தெரிந்தது என்றால், திருத்தங்கல்லிலோ வெம்பக்கோட்டையிலோ இருப்பவரைக் குறை சொல்ல முடியாது. செலவைப் பற்றிய பயமும் சேர்ந்துகொள்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு என்பதும், பதிவான தொழிலாளிக்கு ஈஎஸ்ஐ உண்டு என்பதும், விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது என்பதும், மதுரை ராஜாஜி மருத்துவமனையில் மூளை அறுவைப் பிரிவு இருக்கிறது என்பதும் நோய் வந்த பிறகு தேடி அலைந்து தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களாகவே இருக்கின்றன. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிக்கும் பராமரிப்பு செய்யும் ஏற்பாடு உண்டு. கடைசி மாதங்களில் படுக்கைப்புண் இல்லாமல், வலி இல்லாமல் ஒருவரை வைத்துக்கொள்ள உதவும் அந்தச் சேவையை, நோயின் பெயரை வெளியே சொல்லாத வீடு எப்படிக் கேட்டு வாங்கும்?

அடுத்த நினைவுக் கோப்பையை நடத்தவிருக்கும் குழுக்களிடம் ஒரு வேண்டுகோள். மறைந்தவரின் வீட்டார் சம்மதித்தால், நோட்டீஸிலும் பிளெக்ஸிலும் அவர் எந்த நோயால் இறந்தார் என்று ஒரு வரி போடுங்கள். இறுதி ஆட்டத்துக்கு முன் அரசு மருத்துவர் ஒருவரை அழைத்துப் பத்து நிமிடம் பேச வையுங்கள். வலிப்பு வந்தவர் கையில் இரும்பு கொடுப்பதால் பயனில்லை, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது என்று ஆடவந்த பிள்ளைகளுக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள். இதுவரை வலிப்பே வராத பெரியவருக்கு முதல்முறை வந்தாலும், வாரக்கணக்கில் காலையில் தலைவலியோடு வாந்தி வந்தாலும், நிதானமான மனிதர் சில மாதங்களில் வேறு ஆளாக மாறினாலும் தலையை ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள்.